யூ வில் வாங்கப் போகிறீர்களா? முதலில் வெள்ளையைப் பாருங்கள்

இங்கிலாந்தில் மரவில் இழைத்து விற்கும் பட்டறைகளின் விலைப்பட்டியலில் ஒரே மாதிரி நீள்வில் இரண்டு விலையில் இருக்கும். ஹிக்கரி, ஆஷ், மூங்கில் என்று பட்டை பட்டையாக ஒட்டிச் செய்தது ஒரு விலை. யூ என்ற ஊசியிலை மரத்தின் ஒரே துண்டில் இழைத்தது அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. இரண்டும் அம்பை எய்யத்தான் செய்கின்றன. அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது, கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், யூ வில் அருமையான வில். ஆனால் முதல் வில்லாக வாங்கக்கூடாத வில். வாங்குகிறவர் மரத்தைப் பார்க்கத் தெரிந்து வாங்கவேண்டும். பளபளப்பைப் பார்த்து வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

பேச்சு வசதிக்காக ஒரு சாதாரண ஆர்டரை எடுத்துக்கொள்வோம். நாண் வெட்டிலிருந்து (நாண் மாட்டும் முனைப் பள்ளம்) நாண் வெட்டு வரை 72 அங்குலம், 28 அங்குலம் இழுத்தால் 50 பவுண்டு இழுவிசை, நடுவில் ஒட்டு இல்லாத ஒற்றைத் துண்டு, இரு முனையிலும் கொம்புப் பூண். பிடிக்குப் பக்கத்தில் 50@28 என்று மையால் எழுதியிருப்பார்கள். வில்லாளியைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும், இலக்கைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளைக் கை என்றும் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கு.

நம்மூர்த் தச்சர் தேக்கு வாங்கினால் வெள்ளையை ஒதுக்கிவிட்டு வைரத்தை மட்டும் எடுப்பார். வெள்ளையில் பூச்சி விழும், நிலைக்காது. யூ வில்லில் இந்தக் கணக்கு தலைகீழ். பட்டைக்கு அடியில் இருக்கும் பாலாடை நிற வெள்ளைதான் வில்லின் முதுகு. அதற்கு உள்ளே இருக்கும், புதிதில் ஆரஞ்சாகவும் நாள்பட நாள்பட பழுப்பாகவும் மாறும் வைரம்தான் வயிறு. வில்லை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு அமுக்கப்படுகிறது. வெள்ளை இழுப்புக்குத் தாங்கும், வைரம் அமுக்கத்துக்குத் தாங்கும். மற்ற வில்களில் இரண்டு மூன்று மரங்களைப் பசை போட்டு ஒட்டி வரவழைக்கிற குணம் இந்த மரத்தில் பிறவியிலேயே இருக்கிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த இரண்டு அடுக்குக்குத்தான். ஆகவே வில் கைக்கு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது அந்த அடுக்கு ஒழுங்காக இருக்கிறதா என்பதை.

வில்லைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் வெள்ளையும் வைரமும் சேரும் கோடு தெரியும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்தக் கோடு அறுபடாமல் ஓடவேண்டும். கோடு நெளிந்து ஓடினால் உடனே கழித்துவிடாதீர்கள். யூ நேராக வளரும் மரமே அல்ல. நெளிவுள்ள இடத்தில் முதுகின் மேற்பரப்பும் அதே மாதிரி ஏறி இறங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஏறி இறங்கினால், தச்சர் மரத்தின் போக்கை மதித்து இழைத்திருக்கிறார். கோடு நெளிகிறது, முதுகோ மேஜைப் பலகை மாதிரி தட்டையாக இருக்கிறது என்றால், இழைப்புளி ஆண்டு வளையங்களைக் குறுக்கே வெட்டியிருக்கிறது. வெட்டுப்பட்ட வளையத்தின் ஓரத்தில்தான் பின்னால் சிம்பு எழும்பும். மற்ற பல மரங்களைவிட யூ இந்தத் தவறைக் கொஞ்சம் பொறுத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மடங்கு விலை கொடுத்துவிட்டு மரத்தின் பொறுமையை நம்பியிருக்கத் தேவையில்லை.

வெள்ளை எவ்வளவு தடிப்பு? 50 பவுண்டு வில்லில் 5 முதல் 7 மில்லிமீட்டர், அதாவது அந்த இடத்து மொத்தத் தடிப்பில் கால் பங்கு அளவு இருந்தால் போதும். முனையை நோக்கி வில் மெலிய மெலிய வெள்ளையின் பங்கு கூடுவது இயல்பு. ஆனால் கையின் நடுப்பகுதியிலேயே பாதி வெள்ளையாக இருந்தால், அமுக்கத்தைத் தாங்கவேண்டிய வேலையில் ஒரு பங்கு வெள்ளையின் தலையில் விழுகிறது. அந்த வில் சீக்கிரம் நாண் பக்கம் சாய்ந்து நிரந்தரமாக வளைந்து போகும்.

அடுத்தது கணு. யூ மரத்தில் ஊசி முனை அளவுக் கணுக்கள் நிறைய வரும். அடிமரத்திலும் சிறு தளிர்கள் முளைத்துக்கொண்டே இருப்பதால் வருபவை இவை. கணுவே இல்லாத யூ வில் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. பார்க்கவேண்டியது கணுவைச் சுற்றி மரம் கொஞ்சம் மேடாக விடப்பட்டிருக்கிறதா என்பதை. கணுவைச் சுற்றி நார் வளைந்து போகும். அந்த இடம் பலவீனம் என்பதால் தச்சர் அங்கே ஒரு சிறு மேடு விட்டு ஈடுகட்டுவார். மேட்டை மழுங்கச் சீவி அழகுபடுத்தியிருந்தால் அது அழகு இல்லை. கறுத்து, ஆடும் கணு வயிற்றுப் பக்கம் இருந்தால் அதைத் தோண்டி எடுத்து அதே மர ஆப்பு வைத்து அடைத்திருக்கவேண்டும். இதைப் பார்த்து முகம் சுளிக்கவேண்டாம், முறையான வேலைதான். வில்லின் விளிம்பில், பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்திருக்கும் கணுவுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. அந்த வில்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வளையக் கணக்கை விற்பவர்கள் பெரிதாகப் பேசுவார்கள். அங்குலத்துக்கு 30, 40 வளையம் என்றால் மலைப்பகுதியில் மெல்ல வளர்ந்த மரம், உயர்ந்த ரகம் என்று பொருள். இத்தாலிய யூ என்றும், அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் வளரும் பசிபிக் யூ என்றும் விற்பவை பெரும்பாலும் இந்த வகை. இங்கிலாந்தின் சமவெளி யூ வேகமாக வளர்ந்து வளையம் அகன்றிருக்கும், முறுக்கும் கணுவும் அதிகம். இது இன்றைய குறை அல்ல. 1472இல் நான்காம் எட்வர்ட் காலத்துச் சட்டம், வில்மரம் கிடைக்கும் நாடுகளிலிருந்து வரும் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்மரம் கொண்டுவரவேண்டும் என்றது. 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் ஆட்சியில் மால்ம்சி ஒயின் பீப்பாய் ஒன்றுக்குப் பத்து வில்மரம் என்று சட்டம் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குக் கல்லறைத் தோட்டம் யூ நின்ற நாட்டிலேயே மரத்தை இப்படித்தான் வரவழைக்கவேண்டியிருந்தது. அதற்காக வளைய எண்ணிக்கைக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுக்கவேண்டாம். அடுக்கு ஒழுங்கும் நார் நேர்மையும் உள்ள 20 வளைய வில், நார் முறுக்கிய 40 வளைய வில்லைவிட அதிக நாள் உழைக்கும்.

மரம் சரி. வேலைப்பாடு எப்படி என்று அறிய ஒரு புகைப்படம் கேளுங்கள். வில்லை முழு இழுப்பில், பக்கவாட்டில், நேர் எதிரே நின்று எடுத்த படம். நிழற்படம் அனுப்பத் தயங்கும் பட்டறையில் வாங்காமல் இருப்பது நல்லது. மேல் கையும் கீழ் கையும் ஒரே சீராக வளையவேண்டும். ஒரு இடம் மட்டும் முழங்கை மாதிரி மடிந்திருந்தால் முறிவு அங்கேதான் தொடங்கும். கீழ் கை ஒரு நூல் அளவு கெட்டியாக இருப்பது குறை அல்ல. பிடி வில்லின் நட்டநடுவில் அமைவதில்லை, அம்புதான் நடுவை ஒட்டிப் போகிறது, ஆகவே அப்படித்தான் செய்வார்கள். நாண் பூட்டிய வில்லை முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நாண் பிடியின் நடுவை ஒட்டி ஓடவேண்டும். சற்றே ஓரம் போனால் பரவாயில்லை, பிடியைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

போட்டிக்கு வாங்குபவர்கள் ஒரு அளவையும் சரிபார்க்கவேண்டும். பிரிட்டிஷ் நீள்வில் விதிப்படி வில்லின் தடிப்பு எந்த இடத்திலும் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக்கூடாது. 32 மில்லிமீட்டர் அகலம் என்றால் தடிப்பு குறைந்தது 20. காலிபரை வைத்து நாலைந்து இடத்தில் அளந்தால் போதும்.

நாண் கழற்றியவுடன் வில்லைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். வயிறு சுவரைப் பார்க்கட்டும். நடுப்பகுதிக்கும் சுவருக்கும் இடையில் ஓரங்குலம், ஒன்றரை அங்குலம் இடைவெளி இருப்பது எல்லா யூ வில்லுக்கும் வரும் சாய்வுதான். இரண்டரை, மூன்று அங்குலம் என்றால் வில் களைத்துவிட்டது. சரியாகக் காயாத மரத்தில் செய்தது, அல்லது அளவுக்கு மீறி இழுத்தது. ஈரம் 9, 10 சதவீதத்துக்கு இறங்கியபின்தான் மரத்தை வளைக்கத் தொடங்கவேண்டும். பிளந்த மரத்தின் இரு முனையையும் மெழுகோ பெயின்டோ பூசி, வெடிக்காமல் நிழலில் ஆண்டுக்கணக்கில் ஆறப்போடுவது அதற்காகத்தான். அவசரத்துக்கு இழைத்த வில் கடையில் அழகாகத்தான் இருக்கும். நூறு அம்பு போனபின் தொங்கும்.

வயிற்றைப் பார்க்க வெளிச்சம் சாய்வாக விழவேண்டும். ஜன்னலோரம் நின்று வில்லை மெல்ல உருட்டினால், வார்னிஷுக்கு அடியில் குறுக்கே ஓடும் மயிரிழைக் கோடு ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும். நகத்தை நீளவாக்கில் இழுத்தால் அந்த இடத்தில் ‘டிக்’ என்று தட்டும். அமுக்கம் தாங்காமல் நார் நெரிந்த தழும்பு அது. பிடிக்கு மேலும் கீழும் ஒரு சாண் தூரத்திலும், கணுக்களின் ஓரத்திலும்தான் பெரும்பாலும் வரும். வயிற்றில் இப்படி ஒன்று வந்தால் வில் அன்றே முறியாது. ஆனால் எய்ய எய்ய ஆழமாகும், பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். புது வில்லில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான். முதுகில் சிம்பு எழும்பியிருந்தால் கதையே வேறு. உடனே நாணைக் கழற்றுங்கள், இன்னொரு முறை எய்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கொம்புப் பூணை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. யூ மென்மையான மரம். நாண் வெட்டை நேரடியாக மரத்தில் போட்டால் நாண் நாளடைவில் அறுத்துக்கொண்டு இறங்கும். கொம்பைக் கூம்பாகக் குடைந்து, முனையையும் அதே கூம்பாகச் சீவிப் பொருத்துவார்கள். மரமும் கொம்பும் சேரும் வட்டத்தில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் பசையை நம்பி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உபயோகத்துக்கு வருவோம். யூ வில்லின் குணம் கையில் எடுத்ததும் தெரியும். அதே இழுவிசையுள்ள ஹிக்கரி வில்லைவிட எடை குறைவு, விட்டதும் கையில் உதறல் குறைவு, இழுப்பு கடைசி அங்குலம் வரை வழுவழுப்பாக ஏறும். அடர்த்தியோடு ஒப்பிட்டால் இந்த மரம் வியப்பூட்டும் அளவுக்கு வளையும், வளைந்ததை விருட்டென்று திருப்பிக் கொடுக்கும். இந்த இடத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில். இந்த வில்லுக்கு வெயில் ஆகாது. நல்ல வெயிலில் நாள் முழுக்க எய்தால் இழுவிசை இறங்கி அம்பு தாழப் போகத் தொடங்கும். உறைகுளிரில் நேர் எதிர். மரம் விறைத்து முறியும் அபாயம் கூடும். கோடையில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் வழக்கம் இருந்தால் யூ வேண்டாம். சென்னையிலோ கோலாலம்பூரிலோ வைத்து எய்ய நினைப்பவர்களுக்கு மூங்கில் முதுகு வைத்த ஒட்டு வில்லே புத்திசாலித்தனம்.

எய்யும் முன் நாண் பூட்டும் முறை முக்கியம். காலுக்கு இடையில் விட்டு முறுக்கிப் பூட்டும் வித்தை யூவின் கையைத் திருகிவிடும். இரு முனையிலும் மாட்டும் கயிற்றுப் பூட்டி மலிவு, அதையே பயன்படுத்துங்கள். பூட்டியபின் நாணுக்கும் பிடிக்கும் இடைவெளி, முஷ்டியை மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்திய அளவு: ஆறு முதல் ஆறரை அங்குலம். பிறகு உடனே முழு இழுப்புக்குப் போகாமல் பத்துப் பன்னிரண்டு முறை அரை இழுப்பு, முக்கால் இழுப்பு என்று மரத்தை எழுப்பவேண்டும். அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது; அம்பு வாங்கவேண்டிய சக்தி முழுவதும் திரும்ப மரத்துக்குள் போகும். இழுத்தபடி நின்று நிதானமாகக் குறிபார்க்கும் பழக்கத்தையும் விடவேண்டும். முழுக்க இழுத்த வில் பத்தில் ஒன்பது பங்கு உடைந்த வில் என்பது ஆங்கிலேய வில்தச்சர்களின் பழமொழி.

28 அங்குலம் என்று எழுதியிருந்தால் 28தான். நீளக் கைக்காரர்கள் 30 இழுத்தால் கூடுவது நாலைந்து பவுண்டு மட்டும் என்று கணக்குப் போடுவார்கள். கூடுவது பவுண்டு மட்டும் அல்ல, அந்த மரம் இதுவரை வளைந்தே பார்க்காத வளைவு. உத்தரவாதம் தரும் பட்டறைகள் முதலில் கேட்பதும் இதைத்தான். ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் இழுப்பை அளவுக்கோல் அம்பில் அளந்து, அதிகபட்ச இழுப்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாணுக்கு டேக்ரான் என்ற பாலியஸ்டர் நூல் போதும். 50 பவுண்டுக்கு 14 இழை. நீளவே நீளாத நவீன நூல் வேகம் தரும், ஆனால் அதிர்ச்சியை முனைக்கு அனுப்பும். தச்சர் ஒப்புக்கொண்டால் ஒழிய மாட்டவேண்டாம். அம்பு மரத்தில் இருக்கட்டும், பவுண்டுக்குப் பத்து கிரெயின் கணக்கில் 500 கிரெயின், அதாவது சுமார் 32 கிராமுக்குக் குறையாமல். வில்லின் பக்கத்தில் உரசி வளைந்து போகவேண்டிய அம்பு இது. அம்பின் விறைப்பையும் பவுண்டில்தான் சொல்வார்கள்; அது வில்லின் இழுவிசையைவிட ஐந்து, பத்து பவுண்டு குறைந்த வகையில் எடுத்தால்தான் நேராகப் போகும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, வில்லைப் படுக்கவாட்டில் இரண்டு முளையில் வையுங்கள். மூலையில் சாய்த்து நிறுத்தினால் மரம் அந்தச் சாய்வையே கற்றுக்கொள்ளும்.

‘மேரி ரோஸ் மாதிரி’ என்று விளம்பரம் போட்டு விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட அந்த ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 172 நீள்வில்கள் கிடைத்தன. போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். நீளம் ஏறத்தாழ 1.87 முதல் 2.11 மீட்டர். இழுவிசை பெரும்பாலானவற்றுக்கு 100 பவுண்டுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிடி என்று தனியாக ஒன்று இல்லாமல் வில் முழுவதும் ஒரே வளைவாக வளையும் போர்க்கருவி அது. கடையில் கிடைக்கும் 50 பவுண்டு வில், பிடி விறைப்பாக இருக்கும் பிற்கால விளையாட்டு வில்லின் வாரிசு. பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஒற்றைத் துண்டு கட்டுப்படியாகவில்லை என்றால், ஒரே மரத்திலிருந்து பிளந்த இரண்டு குட்டைத் துண்டுகளைப் பிடியில் மீன்வால் இணைப்பாகச் சேர்த்த யூ வில்லைக் கேளுங்கள். நீளமான சுத்த மரம் அரிது, குட்டையாகக் கிடைக்கும். அதனால் விலை இறங்கும். பிடி வளையாது, ஆகவே இணைப்புக்கு வேலைப்பளு குறைவு. ஒற்றைத் துண்டுதான் உசத்தி என்பது பாதி கௌரவப் பேச்சு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். வேறு வேறு மரம் என்றால் இரு கையும் ஒரே மாதிரி முதுமை அடையாது. ஹிக்கரி முதுகும் யூ வயிறும் ஒட்டிய வில் இன்னும் மலிவு, முதுகுச் சிம்பு பயம் ஏறக்குறைய இல்லை. முதல் யூ வாங்குபவர்களுக்கு எங்கள் சிபாரிசு அதுவே.

யூ என்று பெயர் போட்டு வரும் மற்ற சரக்குகளில், வின்ட்சர் நாற்காலியின் வளைந்த முதுகுச் சட்டம் யூவில் இருந்தால் அது நல்ல நாற்காலி என்று நம்பலாம். ஆவியில் வளைத்தால் அந்த மரம் அழகாகப் பணியும். உட்காரும் பலகை எல்ம் மரத்தில் இருப்பதுதான் மரபு, அது மோசடி அல்ல. பழைய பாணி ‘யூ அலமாரி’களில் பெரும்பாலானவை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் ஒட்டிய மெல்லிய தாள்மரம். கடைந்த கிண்ணங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் சாப்பாட்டுக்கு வேண்டாம். சிவப்புப் பழத்தின் சதை நீங்கலாக மரம் முழுவதும் விஷம். இலையும் விதையும் கொல்லும். தேய்த்து மெருகிட்ட வில்லைத் தொடுவதில் பயம் இல்லை, ஆனால் உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம். நாட்டு மருந்துக் கடையில் தாளிசபத்திரி வாங்குபவர்களும் கவனிக்கவேண்டும். அந்தப் பெயரில் சில இடங்களில் யூ இலையும் கலந்து வருவதுண்டு. பசிபிக் யூ பட்டையிலிருந்து பிரித்த டாக்சால் 1992இல் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்பதை வைத்து யாராவது பட்டைத் தேநீர் விற்றால் வாங்காதீர்கள். இமயமலை யூ சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் மரம், அதில் செய்த பொருளுக்கு ஆவணம் கேளுங்கள்.

ஏலத்தில் மலிவாக வரும் நூறு வருடப் பழைய யூ வில்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பச்சை வெல்வெட் பிடி, முத்துச்சிப்பித் துண்டு பதித்த அம்பு இடம், மெல்லிய கொம்புப் பூண் என்று மனதை மயக்கும். மரம் வறண்டு போயிருக்கும், எந்த அலமாரியில் எத்தனை வருடம் எப்படிச் சாய்ந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. விலை பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆணி இரண்டு அடித்து, ரேடியேட்டருக்கு எட்டாத சுவரில் மாட்டுங்கள். நாணை மட்டும் பூட்டிப் பார்க்காதீர்கள்.